குழந்தையும் வெயிலும்: தோல் கன்றாமல் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரே வகையான ஐயங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. பெரும்பாலோர் முதலில் கேட்பது எந்த வெயில்தடுப்பு கிரீமை (சன்ஸ்கிரீன்) வாங்கலாம் என்பதைத்தான். உண்மையில் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. நேரம், நிழல், உடை ஆகியவற்றைச் சரிசெய்த பிறகு மூடாமல் மிஞ்சியிருக்கும் தோலுக்குத்தான் கிரீம் தேவைப்படுகிறது என்பதால், கேள்விகளையும் அந்த வரிசையிலேயே தொகுத்திருக்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை இவை.

1. ஆறு மாதம்கூட ஆகாத குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகவே கூடாதா?

தாராளமாகக் கொண்டுபோகலாம், நேர் வெயிலில் வைத்திருக்கத்தான் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நேரடி வெயிலைத் தவிர்ப்பதே முதன்மையான பாதுகாப்பு என்று குழந்தைநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாசலிலிருந்து வண்டி வரை நடக்கும் சில நொடிகளில் குழந்தையின் கால்மேல் வெயில் பட்டுவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நிழல் நகர்ந்துவிட்டதைக் கவனிக்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் வினையாகிறது.

2. வெயில் எல்லார் மேலும்தான் படுகிறது. குழந்தைக்கு மட்டும் ஏன் அவ்வளவு சீக்கிரம் தோல் கன்றுகிறது?

குழந்தையின் தோலின் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட மெல்லியது. புற ஊதாக் கதிரை ஓரளவேனும் உறிஞ்சித் தடுக்கும் மெலனின் என்ற நிறமியும் அதில் குறைவு. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு மிக அதிகம் என்பதால், கன்றிய தோலின் வழியே வெளியேறும் நீரும், தோலில் பூசியவற்றிலிருந்து உடலுக்குள் போகும் அளவும், எடை விகிதத்தில் பார்த்தால் கூடுதலாகவே இருக்கும். வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனும் இன்னும் முழுமை பெற்றிருக்காது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சுடும்போது நிழலுக்கு நகர்ந்துகொள்ளக் கைக்குழந்தையால் முடியாது. எரிகிறது என்று சொல்லவும் தெரியாது.

அன்றைய எரிச்சலோடு முடிந்துபோகும் விஷயமும் அன்று இது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இல் சூரியக் கதிர்வீச்சை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. சிறு வயதில் தோல் கடுமையாகக் கன்றுவது, பிற்காலத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரு முறை கன்றிவிட்டதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மறுமுறை நேராமல் பார்த்துக்கொள்ள இது போதுமான காரணம்.

3. காற்று குளுகுளுவென்று இருந்தது, மேகமூட்டமும் இருந்தது. அப்படியும் குழந்தையின் கன்னம் சிவந்துவிட்டதே, எப்படி?

தோலைக் கன்றச் செய்வது வெயிலின் சூடு அன்று. அதிலுள்ள புற ஊதாக் கதிர். சூட்டை உடல் உணரும், வெளிச்சத்தைக் கண் உணரும். புற ஊதாக் கதிரை உணர நம்மிடம் எந்தப் புலனும் இல்லை. குளிர்ந்த காற்று வீசும் நாளில் உடல் எச்சரிக்காது என்பதால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் வெளியே இருந்துவிடுகிறோம். மெல்லிய மேகங்கள் வெளிச்சத்தையும் சூட்டையும் தணித்தாலும், புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை அவற்றைத் தாண்டி வந்துவிடக்கூடும். உயரமான மலைப்பகுதிகளில் குளிர் கூடுதல். ஆனால் ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது.

இந்தக் கதிரில் தரையை எட்டுபவை இரு வகை. 'பி' வகைக் கதிரே தோலைச் சிவக்கச் செய்வதில் பெரும்பங்கு வகிக்கிறது. 'ஏ' வகை இன்னும் ஆழமாகத் தோலுக்குள் ஊடுருவுகிறது. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: சிவப்பு உடனே தெரியாது. வெயில் பட்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தை அடையும். 'சிவக்கத் தொடங்கினால் உள்ளே தூக்கிக்கொள்வோம்' என்று காத்திருப்பவர் எப்போதும் தாமதமாகத்தான் தூக்குகிறார்.

4. எந்த நேரத்தில் வெளியே கொண்டுபோனால் ஆபத்தில்லை?

காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் என்பது பொதுவான விதி. ஆனால் எல்லா இடங்களிலும் சூரியன் கடிகாரத்தின் 12 மணிக்கே உச்சிக்கு வருவதில்லை. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் நாடுகளில் அது ஒரு மணியையும் தாண்டிவிடும். அதனால் கடிகாரத்தைவிட நிழல் நம்பகமானது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுந்தால் சூரியன் உச்சிக்கு நெருங்கி இருக்கிறது, கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். நிழல் உங்களைவிட நீளமாக விழும் நேரமே குழந்தையோடு வெளியே நடப்பதற்கு ஏற்றது.

கைப்பேசியில் வானிலை பார்ப்பவர்கள் வெப்பநிலையோடு நிறுத்திவிடாமல் 'யூவி இன்டெக்ஸ்' என்ற புற ஊதாக் குறியீட்டையும் பார்க்கலாம். 1992இல் கனடாவில் நடைமுறைக்கு வந்து, பிறகு உலக சுகாதார அமைப்பு பொதுவாக்கிய அளவீடு இது. 2 வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை; 3ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை; 8க்கு மேல் போனால் குழந்தையை வெளியே விளையாட விடுவதை ஒத்திப்போடுவதே நல்லது; 11க்கு மேல் மிகக் கடுமை. ஒரே வெப்பநிலை கொண்ட இரு நாள்களில் இந்த எண் வெவ்வேறாக இருப்பதைச் சில நாள்கள் கவனித்தாலே, சூடு வேறு கதிர் வேறு என்பது மனத்தில் பதிந்துவிடும்.

5. நிழலில்தான் உட்கார வைத்திருந்தோம். அப்படியும் கன்றிவிட்டது என்றால் நிழலால் என்ன பயன்?

நிழல் கதிரைக் குறைக்கும்; முழுமையாகத் தடுக்காது. புற ஊதாக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. வானமெங்கும் சிதறியும், தரையில் பட்டுத் தெறித்தும் பக்கவாட்டில் வருகிறது. காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும், புதிதாகப் பெய்த பனி 80 சதவீதம் வரையிலும் திருப்பி அனுப்புகின்றன. கடற்கரையில் குடைக்கடியில் படுத்திருக்கும் குழந்தைக்கு மேலிருந்து நிழல் கிடைக்கிறது, நாற்புறமிருந்தும் கதிர் கிடைக்கிறது.

நிழலைத் தேர்ந்தெடுக்கும்போது குழந்தை இருக்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பாருங்கள். வானம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்ல நிழல். இலை அடர்ந்த மரத்தோப்பு தனிமரத்தைவிட மேல். சுவரோடு கூடிய திண்ணை குடையைவிட மேல். அரை மணிக்கு ஒரு முறை நிழல் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் தேவை.

6. தள்ளுவண்டியின் மேல் மெல்லிய துணியைப் போர்த்திவிடுகிறேன். போதும் அல்லவா?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. துணி வெயிலை ஓரளவு மறைக்கும். கூடவே காற்றோட்டத்தையும் அடைத்துவிடும். உள்ளே சூடு தேங்கிக்கொண்டே போகும், குழந்தையின் முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. தோல் கன்றுவது சில நாள்களில் ஆறிவிடும். உடல் அளவுக்கு மீறிச் சூடாவது சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். வண்டியோடு வரும் மடக்குக் கூரையையோ, அதில் பொருத்தும் குடையையோ பயன்படுத்தி, பக்கங்களைத் திறந்தே வைத்து, குழந்தையின் கழுத்தின் பின்புறத்தையும் மார்பையும் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். தொடும்போது வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாகவோ வியர்த்து ஈரமாகவோ இருந்தால் குளிர்ச்சியான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

7. சூட்டுக்குக் கை வைக்காத சட்டை போடுவதா, வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போடுவதா?

நிழலான இடத்தில் முன்னது. வெயில் படும் இடத்தில் பின்னது. தளர்வாகத் தைத்த முழுக்கைச் சட்டையும் நீளமான கால்சட்டையும் மெல்லிய துணியாக இருந்தால் குழந்தைக்கு அவ்வளவாகப் புழுங்காது; வெயில் நேராகத் தோலில் விழாததால் சில வேளைகளில் வெறும் மேனியைவிட இதமாகவே இருக்கும்.

துணியைப் பொறுத்தவரை நெருக்கமான நெசவே முக்கியம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மறுபுறம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அந்த அளவுக்குக் கதிரும் ஊடுருவும் என்று கணித்துக்கொள்ளலாம். அடர்ந்த நிறம் வெளிர்நிறத்தைவிட அதிகம் தடுக்கும். நனைந்த பருத்தியும், உடலோடு இறுகி நீண்ட துணியும் குறைவாகவே தடுக்கும். நீச்சலுக்கென விற்கப்படும் சில உடைகளில் 'யூபிஎஃப் 50' என்று அச்சிட்டிருக்கும். அந்தத் துணி கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 2 சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும் என்பது அதன் பொருள். வெயில் நேரத்தில் வெளியே போவதைத் தவிர்க்க முடியாத குடும்பங்களுக்கு, விலையுயர்ந்த கிரீமைவிட இத்தகைய ஓர் உடை மேலானது என்பது என் எண்ணம். அது வழிந்தோடாது, மறுபடி பூச வேண்டிய தொல்லையும் இல்லை.

8. தொப்பியை மாட்டினால் மறு நிமிடமே பிடுங்கி எறிகிறான். என்ன செய்வது?

பிறந்த சில மாதங்களிலிருந்தே வெளியே கிளம்பும்போதெல்லாம் மாட்டிப் பழக்கினால் எதிர்ப்பு குறையும். நீங்களும் தொப்பி போட்டுக்கொள்வது இன்னும் பயன் தரும். இந்த வயதில் பார்த்துச் செய்வதுதான் எல்லாமே. முன்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் தொப்பி காதையும் கழுத்தையும் மறைக்காது என்பதால், சுற்றிலும் 5 சென்டிமீட்டராவது விளிம்பு உள்ளதையோ, பின்புறம் கழுத்தை மூடும் துணி தொங்குவதையோ தேர்ந்தெடுங்கள். நாடாவைக் கட்டினால் கழுத்தை இறுக்கக்கூடும். இழுத்தால் தானே விடுபடும் வகையே பாதுகாப்பானது.

கறுப்புக் கண்ணாடி தேவையா என்றும் கேட்கிறார்கள். குழந்தையின் விழிவில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது, அதன் வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும் என்பதால் ஒளி கூசும் இடங்களில் நல்லதே. ஆனால் 'யூவி 400' அல்லது 100 சதவீதம் புற ஊதாத் தடுப்பு என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். வெறும் நிறம் ஏற்றிய விளையாட்டுக் கண்ணாடி, வெளிச்சத்தை மட்டும் குறைத்துக் கண்ணின் பாவையை விரியச் செய்து, கதிருக்கு வழிவிட்டுவிடும்.

9. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் பூசவே கூடாது என்கிறார்கள். கொஞ்சம் பூசலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொதுவாகப் பூச வேண்டாம், வெயிலில் வைக்காதீர்கள் என்கிறது. இரண்டாம் பதிலில் சொன்ன தோல்பரப்பும் எடையும் சார்ந்த விகிதமே அதற்குக் காரணம். நிழலும் உடையும் போதாத கட்டாயச் சூழலில் முகம், புறங்கை போன்ற சிறு பகுதிகளில் மட்டும் சிறிதளவு பூசலாம் என்று அந்நாட்டின் குழந்தைநல மருத்துவர் சங்கம் கூறுகிறது. அதாவது, இது அவசரத்துக்கான வழி. அன்றாட வழக்கமாக வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் தோல் நோய் உள்ள குழந்தைக்கும் அவசரத்துக்கும்கூட மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம்.

10. ஆறு மாதம் தாண்டிவிட்டது. எதைப் பார்த்து வாங்குவது? எண் கூடக் கூட நல்லதா?

உறையில் மூன்று விவரங்கள் இருந்தால் போதும்: எஸ்பிஎஃப் (தோலைச் சிவக்கச் செய்யும் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண்) 30 அல்லது அதற்கு மேல், 'ஏ', 'பி' ஆகிய இரு வகைக் கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பு, தண்ணீரைத் தாங்கும் என்ற குறிப்பு. எஸ்பிஎஃப் 15 சுமார் 93 சதவீதத்தையும், 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. 30க்கும் 50க்கும் இடையில் உள்ள வேறுபாடு, சரியாகப் பூசுவதற்கும் அரைகுறையாகப் பூசுவதற்கும் உள்ள வேறுபாட்டின் முன் ஒன்றுமில்லை. எண் பெரிதாக இருப்பதால் மறுபடி பூசும் இடைவெளியும் நீளாது.

சிறு குழந்தைகளுக்குத் துத்தநாக ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ கொண்ட கனிம வகையைப் பரிந்துரைக்கிறார்கள். அவை பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கிவிடுபவை, எரிச்சலும் குறைவு. 2019இல் மேற்சொன்ன அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட வரைவில், பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று கொள்ளப் போதிய சான்று இருப்பதாகக் குறிப்பிட்ட, கதிரைத் தடுக்கும் பொருள்கள் இவை இரண்டு மட்டுமே. பூசினால் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதே இவற்றின் குறை. எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்று தெரிவதால் குழந்தை விஷயத்தில் அதை நான் குறையாகவே எண்ணுவதில்லை. வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். தெளிப்பான் வகையைக் குழந்தை மூச்சில் இழுத்துவிடக்கூடும் என்பதால் அதைத் தவிருங்கள். முதல் முறை பூசுவதற்கு முன் கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

11. எவ்வளவு பூச வேண்டும்? காலையில் ஒரு முறை பூசினால் மாலை வரை தாங்குமா?

தாங்காது. உறையில் உள்ள எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. ஒரு வயதுக் குழந்தையின் உடற்பரப்பு சுமார் அரைச் சதுர மீட்டர். முழு உடலுக்கும் பூசுவதானால் 10 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி வேண்டும். உடை மூடியுள்ள இடங்களைக் கழித்துவிட்டால் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவே தேவைப்படும்; ஆனால் நடைமுறையில் விரல்நுனியில் தொட்டு இழுக்கும் அளவைவிட அது எவ்வளவோ அதிகம். மெல்லியதாக இழுத்துவிட்டால் உறையில் உள்ள எண்ணும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

வெளியே கிளம்புவதற்கு 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் பூச வேண்டும்; நனைந்தாலோ துடைத்தாலோ அதற்கு முன்பே பூச வேண்டும். காதுமடல், கழுத்தின் பின்புறம், பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்புறம், தலையில் வகிடு தெரியும் இடம் ஆகியவைதான் வழக்கமாக விட்டுப்போகின்றன. கண்ணைச் சுற்றியும், வாயில் போட்டுக்கொள்ளும் விரல்களிலும் பூசாதீர்கள். காலாவதியானதையும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பல நாள் கிடந்ததையும் நம்ப வேண்டாம்.

12. கொசுவிரட்டியும் சன்ஸ்கிரீனும் சேர்ந்த ஒரே கிரீம் கிடைக்கிறது. வேலை மிச்சம்தானே?

மிச்சமில்லை. சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும். கொசுவிரட்டியை அப்படிப் பூசக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்று குறைந்துபோகும் அல்லது மற்றது கூடிப்போகும். தனித்தனியாக வாங்கி, முதலில் சன்ஸ்கிரீனையும் அது காய்ந்த பிறகு கொசுவிரட்டியையும் பூசுங்கள். 'டீட்' என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டியை இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசவே கூடாது.

13. தண்ணீரில் விளையாடும்போது உடம்பு குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது?

மூன்றாம் பதிலில் சொன்னதுதான் இங்கும்: குளிர்ச்சி கதிரைத் தடுக்காது. அரை மீட்டர் ஆழத்திலும், நீரின் மேற்பரப்பில் உள்ள புற ஊதாக் கதிரில் சுமார் 40 சதவீதம் இருக்கிறது. குழந்தைகள் அளையும் நீர் அந்த ஆழம்கூட இருப்பதில்லை; தோளும் முதுகும் வெளியேதான் இருக்கின்றன. தண்ணீரைத் தாங்கும் சன்ஸ்கிரீன் என்றாலும் அமெரிக்க உறைகளில் 40 அல்லது 80 நிமிடம் என்றுதான் குறித்திருக்கும். தொட்டியை நிழலில் வைத்து, முழுக்கை நீச்சலுடை போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நீரருகே குழந்தையை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது என்பது வேறு காரணத்துக்காக, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

14. காருக்குள், ஜன்னலருகே இருந்தால் கன்றாதா?

சாதாரணக் கண்ணாடி 'பி' வகைக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகையில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும். காரின் முன்கண்ணாடி நன்றாகத் தடுக்கும், பக்கக் கண்ணாடிகள் அப்படியல்ல. நீண்ட பயணத்தில் குழந்தை உட்காரும் பக்கம் மறைப்பு வைக்கலாம். வெயிலில் நின்ற காரில் ஏற்றும்போது இருக்கையின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள், சுட்டுவிடும்.

நிறுத்திய காரில் குழந்தையை விட்டுச் செல்வது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பத்தே நிமிடத்தில் உள்வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும்.

15. வைட்டமின் டி கிடைக்க வெயில் வேண்டாமா? இப்படி மூடி மூடி வைத்தால் எலும்பு பலமாகுமா?

நியாயமான கேள்வி. தோல் வைட்டமின் டி தயாரிக்க வேண்டுமானால் அதே 'பி' வகைக் கதிர்தான் தேவை. அதனால், கன்றச் செய்யாமல் எலும்பை மட்டும் வளர்க்கும் வெயில் எந்த நேரத்தில் எவ்வளவு என்று கைக்குழந்தைக்கு வரையறுத்துச் சொல்வது கடினம். வாய்வழிச் சொட்டு மருந்தில் அளவு திட்டவட்டமாக இருக்கிறது: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்த சில நாள்களிலிருந்து நாளொன்றுக்கு 400 யூனிட் என்பது பரவலான பரிந்துரை. மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வெயில் காட்டுவதால் வைட்டமின் டி கிடைக்காது என்பது முந்தைய பதிலிலிருந்தே விளங்கும்.

16. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். காட்டலாமா?

அவர் சொல்வதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் கொண்டுவந்து வைத்தபோது, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்திருப்பதையும் துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் மருத்துவர்கள் கண்டார்கள். இன்றைய ஒளிச் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனால் அதில் வேலை செய்வது புற ஊதாக் கதிர் அன்று. 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி. மருத்துவமனை விளக்கு அதை மட்டும் கொடுக்கிறது. வெயிலோ அதோடு கன்றச் செய்யும் கதிரையும் சூட்டையும் சேர்த்தே கொடுக்கிறது.

வீட்டில் வெயில் காட்டுவதன் பெரிய ஆபத்து வேறு: 'வெயில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்' என்ற நிம்மதியில் இரத்தப் பரிசோதனை தள்ளிப்போவது. மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் பிலிருபின் இரத்தத்தில் மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும். ஆகவே மஞ்சள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டி அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டியின் மனமும் நோகாமல் இருக்க, மருத்துவர் வாயாலேயே அவருக்குச் சொல்லவைப்பது ஒரு நல்ல வழி.

17. எங்கள் குழந்தை கருப்பு நிறம். கருப்புத் தோல் கன்றாது என்பது உண்மைதானே?

பாதிதான் உண்மை. மெலனின் கூடுதலாக உள்ள தோல் கன்றுவதற்கு அதிக நேரம் ஆகும், ஆனால் கன்றும். சிவப்பு பளிச்சென்று தெரியாததால் கவனிக்காமல் போவதே இங்குள்ள சிக்கல். தொட்டால் சூடாக இருக்கிறதா, அந்த இடத்தைத் தொட்டதும் குழந்தை உடலைச் சுருக்கி அழுகிறதா, சட்டை மாட்டும்போது சிணுங்குகிறதா என்று பாருங்கள். சில நாள் கழித்துத் தோல் உரிவதைப் பார்த்த பின்புதான் பலருக்குத் தெரியவருகிறது. பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்தோல் நிலை உள்ள குழந்தைகளுக்கு மட்டும் இந்தத் தொகுப்பில் உள்ளவை போதாது. தோல் மருத்துவர், கண் மருத்துவர் இருவரின் தொடர் கண்காணிப்பும் வேண்டும்.

18. இது வேர்க்குருவா, வெயிலில் கன்றியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கன்றல் வெயில் பட்ட இடத்தில் மட்டும் பரவலாக, உடையின் விளிம்பில் கோடு போட்டதுபோல் நிற்கும். வேர்க்குரு, வெயிலே படாத கழுத்து மடிப்பு, அக்குள், முதுகு போன்ற வியர்வை தேங்கும் இடங்களில் சிறுசிறு புள்ளிகளாக எழும்.

19. கன்றிவிட்டது. வீட்டில் உடனே என்ன செய்யலாம்?

முதலில் வெயிலிலிருந்து அப்புறப்படுத்துங்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைக் கன்றிய இடத்தில் பத்து நிமிடம் போல் வைத்து எடுங்கள். அல்லது இளங்குளிர்ந்த நீரில் சற்று நேரம் குளிப்பாட்டுங்கள். உடல் நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். பிறகு தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் சற்று இருக்கும்போதே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம். பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள். வெண்ணெய், பற்பசை, எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவை புதிதாகக் கன்றிய தோலில் சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். கொப்புளத்தைக் குத்தி உடைக்கக் கூடாது.

நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது இதைவிடவும் முக்கியம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள். தனியாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அது இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். பெரிய குழந்தைக்குத் தண்ணீரும் தரலாம்.

20. வலிக்கு மருந்து தரலாமா?

பாராசிட்டமாலை, எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுத் தரலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நேரில் காட்டாமல் தரவே வேண்டாம். இபுப்ரோஃபென் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும், நீர்ச்சத்து குறைந்திருக்கும்போதும் கூடாது. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் 'ரே' நோய்க்குறியோடு அதற்குத் தொடர்பு உண்டு. மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் களிம்பை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடவினால், இரத்தம் ஆக்ஸிஜனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்துபோகும் அபாயம் இருக்கிறது.

21. எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தோல் கன்றியிருந்தால், லேசானதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு மேற்பட்ட வயதில் கொப்புளம், முகவீக்கம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வாந்தி, கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுகையில் கண்ணீர் இல்லை, வாய் வறண்டிருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்றால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது என்று பொருள், காத்திருக்காதீர்கள். எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, அனல்போல் கொதிக்கும் உடல் ஆகியவை உயிருக்கு ஆபத்தான அவசரநிலை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை ஆடையைக் களைந்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

22. தோல் உரிகிறது, வலி போய்விட்டது. மறுபடி வெளியே விளையாட விடலாமா?

உரியும் தோலுக்கு அடியில் இருப்பது புதிய, இன்னும் மெல்லிய தோல். முன்பைவிட எளிதில் கன்றும். முழுவதும் ஆறும்வரை அந்த இடத்தைத் துணியால் மூடியே வெளியே விடுங்கள். உரிவதைப் பிய்த்தெடுக்காமல், தானாக உதிரவிட்டு, மாய்ஸ்சரைசர் மட்டும் தடவிவாருங்கள்.

23. வெயிலில் அதிகம் இருக்கவில்லை. ஆனாலும் கையிலும் கன்னத்திலும் கோடு கோடாகச் சிவந்து, பிறகு கறுத்துவிட்டது. யாரோ கிள்ளியதுபோல் இருக்கிறது. இது என்ன?

எலுமிச்சை வகைப் பழச்சாறோ, சில செடிகளின் பாலோ தோலில் பட்டிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் உள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் 'ஏ' வகைக் கதிரோடு சேர்ந்து வினைபுரிந்து தோலைப் புண்ணாக்கும். சாறு வழிந்த தடத்திலும், பழம் பிழிந்த பெரியவர் கையோடு குழந்தையைத் தூக்கிய இடத்திலும் மட்டும் விழுவதால் கோடாகவும் விரல் பதிந்ததுபோலவும் தோன்றும். ஒரு நாள் கழித்துச் சிவந்து, இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்து, பல வாரங்களுக்குக் கறையாக நிற்கும். அடி பட்ட தடம் என்று தவறாக எண்ணி வீட்டில் மனக்கசப்பு வருவதற்கும் இது இடமாகிவிடுகிறது.

கொப்புளம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாறு பட்டிருந்த விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள், அவர்களும் கேட்காமல் விட்டுவிடக்கூடும். கறை தானாக மங்கும்வரை அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைத்து வைத்தால் போதும். பழம் பிழிந்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் இது நேராது.